தண்ணீர் திறப்பதற்குள் இமயமலை

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சோற்றில் கை வைத்த நேரம் போன் அடித்தது. அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி. வங்கியில் வேலையாம். இந்தப் பத்தியை ஒரு கிழமையும் விடாமல் வாசிப்பவராம். இப்படித் தொடங்கினால் அடுத்து ஏதோ கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

“சேர், நாங்க கூட்டாளிமாரெல்லாம் சேந்து நேபாளம் போகப் போறம். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நல்லமா சேர்?”

“நல்லம்தான். எவ்வளவு நாள் லீவு கிடக்கு?”

“ஒரு கிழமை சேர். போக வர எல்லாம் சேத்து.”

“இதுக்கு முன்ன எங்க ஏறியிருக்கீங்க?”

மெதுவாகச் சொன்னார்: “சீகிரியா ஏறியிருக்கம் சேர். ஸ்கூல் ட்ரிப்ல.”

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. அவர்களாவது சீகிரியா ஏறியிருக்கிறார்கள். நாங்கள் புறப்பட்டபோது எங்களுக்கு அந்தத் தகுதிகூட இருக்கவில்லை...

நாங்கள் என்றால் நான்கு பேர். நான். என் மனைவியின் தம்பி பரீத் — சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறவன். கல்முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நவ்பர். என்னோடு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் பாண்டிருப்பு ரவி சேர். பரீத்தைத் தவிர மூவருக்கும் வயது ஐம்பதை ஒட்டி. நால்வருக்கும் வயிறு அதற்குக் கொஞ்சம் முன்னால்.

கடல் மட்டத்தில் பிறந்து, கடல் மட்டத்தில் வளர்ந்து, கடல் மட்டத்திலேயே மூச்சு வாங்குகிறவர்கள் நாங்கள். எங்கள் ஊரில் உயரம் என்றால் பள்ளிவாசல் மினாரா. அதில் ஏறுவது பல்ப் மாற்றுகிறவர் மட்டும்.

அப்படிப்பட்டவர்களுக்கு இமயமலை எப்படி மண்டைக்குள் புகுந்தது? வேறு எப்படி, போன்தான். யாரோ ஒருவர் பனிமலைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கும் வீடியோ. பரீத் அதை நவ்பரின் கடையில் வைத்து எங்களுக்குக் காட்டினான். ஒரு கோப்பை பிளேன்டி முடிவதற்குள் நாங்கள் மலையேறிகளாகிவிட்டோம்.

எந்த மலை என்பதுதான் பிரச்சினை. ரவி சேர் நெட்டில் நன்றாகத் தேடிவிட்டு வந்தார். “பூன் ஹில் எண்டு ஒண்டு இருக்கு. கொஞ்ச நாள் போதும், உயரமும் அவ்வளவு இல்ல. முதல் தரம் போற எங்களுக்கு அதுதான் தோது.”

பரீத் முகத்தைச் சுளித்தான். “ஹில்லா? ஹில் எண்டாக் குன்றுதானே சேர்? ஊருக்கு வந்து குன்று ஏறின எண்டு சொல்லயா?”

எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்கோ நாள் போதாது. ஆக, நடுவில் இருந்த லாங்டாங் பள்ளத்தாக்குக்குத் தீர்மானமானது. அதுவும் நல்ல இடம்தான், ஆறுதலாக, அவசரமில்லாமல் போனால். அங்கேதான் பரீத்தின் கலண்டர் குறுக்கே வந்தது.

“நோன்புப் பெருநாள் முடியணும். சிறுபோகத்துக்கு வாய்க்கால்ல தண்ணி திறக்கக்குள்ள நான் வயல்ல நிக்கணும். அதுக்கிடையில எவ்வளவு ஏறலாமோ ஏறுவம்.”

நடுவில் ஓர் இடத்தில் தங்கி, உடம்பை உயரத்துக்குப் பழக்கிவிட்டு மேலே போங்கள் என்று எல்லா இணையதளமும் சொன்னது. அந்த இரவை நாங்கள் வெட்டி எறிந்தோம். இமயமலைப் பயணத்தைச் சவளக்கடை வாய்க்காலை வைத்துத் தீர்மானித்த முதல் மனிதர்கள் நாங்களாகத்தான் இருக்க வேண்டும்.

பயிற்சி எடுக்கவில்லையா என்று கேட்கிறீர்களா? ஏன் எடுக்கவில்லை! விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுத் தினமும் கல்முனைக் கடற்கரையில் நடந்தோம். மீனவர்கள் தோணி இழுத்து வைக்கும் மணல்மேட்டில் ஏறி இறங்கினோம். அந்தக் களைப்புத் தீர நவ்பரின் கடையில் பரோட்டா தின்றோம். பயிற்சி முடிந்தபோது எல்லோரும் எடை கூடியிருந்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நவ்பர் ஒரு சஹனைக் கொண்டுவந்தான். எங்கள் கல்யாண வீடுகளில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவார்களே, அந்தப் பெரிய தட்டு. அலுமினியம். தன் பையின் முதுகில் கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

“இது எதுக்குடா?”

“தனித்தனிப் பிளேட்ல திண்டா எனக்குச் சோறு இறங்காது காக்கா.”

சஹனோடு ஒரு பொதி கருவாடும், இரண்டு போத்தல் மாசிச் சம்பலும். காத்மாண்டு விமான நிலையத்தில் அதிகாரி அந்தத் தட்டைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், கடைசியில் எங்களைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்.

புறப்படும் அன்று என் மனைவி வாசலில் வைத்து என்னை மட்டும் மறித்தாள். உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு பரீத்தை வளர்த்தது அவள்தான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அவளுக்கு அவன் சின்னவன்தான்.

“இஞ்ச பாருங்க. அவன் வாய்க்காரன். ஏலாட்டியும் ஏலும் எண்டுதான் சொல்லுவான். நீங்கதான் பாக்கணும். என்ட தம்பிய முழுசாக் கொண்டாந்து தாங்க.”

“ஓம் ஓம்” என்றேன். கல்யாணமாகிய நாளிலிருந்து நான் இப்படி எத்தனையோ ஓம் சொல்லியிருக்கிறேன். இந்த ஓம் மட்டும் மலை முழுக்கக் கூடவே வந்தது.

முதல் நாள் ஆற்றங்கரைக் காட்டு வழி. இரவு தங்கிய இடத்தின் பெயர் லாமா ஹோட்டல். பெயரைக் கேட்டு நவ்பர் பெரிய ஹோட்டலை எதிர்பார்த்திருந்தான். அது ஒரு சின்னக் குடியிருப்பு, அவ்வளவுதான்.

அங்கே நாங்கள் செய்த கூத்தை இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். விடுதிக்காரர் ஆளுக்கொரு தட்டில் சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார். நவ்பர் எல்லாத் தட்டையும் சஹனில் கொட்டினான். எங்கள் நேபாளி வழிகாட்டியையும் பிடித்து இருத்தினோம், சஹனுக்கு ஐந்து பேர் சரியாக வந்தது. அடுப்படிக்குள் புகுந்து நவ்பர் கருவாட்டையும் பொரித்தான். அவ்வளவுதான், பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக எழும்பி வெளியே போனார்கள். வெளியே நல்ல குளிர். அந்தக் குளிரையே அவர்கள் விரும்பினார்கள்.

ஏறுவதில் பரீத்தான் முதல் ஆள். வரப்பில் உர மூட்டையோடு நடக்கிற கால். நாங்கள் மூச்சு வாங்கி நின்ற இடத்திலெல்லாம் அவன் மேலே நின்று கை காட்டினான். “என்ன, வாத்திமார்ட பெட்றோல் முடிஞ்சா?” என்று நக்கல் வேறு. அக்காக்காரி வீணாகப் பயந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் நண்பகலுக்குப் பிறகு லாங்டாங் கிராமத்துக்கு வந்தோம். தங்கியிருக்க வேண்டிய இடம். வழிகாட்டி பையை இறக்கிவைத்தார். “இன்றைக்கு இங்கே போதும்” என்று இங்கிலீஷில் சொன்னார்.

“தண்ணி திறந்திருவாங்க” என்றான் பரீத்.

ரவி சேர் மொழிபெயர்த்தும் வழிகாட்டிக்கு என்ன தண்ணீர், எந்தத் தண்ணீர் என்று புரியவில்லை. விளங்கப்படுத்த எங்களில் யாருக்கும் மூச்சும் இருக்கவில்லை. திரும்பவும் நடந்தோம்.

கியாஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்கிற அஸர் நேரம். அதுதான் பள்ளத்தாக்கின் கடைசிக் குடியிருப்பு. சுற்றிவரப் பனிமலைகள் இருப்பதாகக் கேள்வி. நாங்கள் கண்டது முகில். நாளைக்கு வெளிக்கும், மேலேயுள்ள மேட்டில் ஏறிக் கையை விரித்துப் போட்டோ எடுப்போம் என்று நவ்பர் சொன்னான். அதே வேகத்தில் சோற்றையும் கருவாட்டையும் தயார்செய்து சஹனை நடுவில் வைத்தான்.

சஹனுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவரவர் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும். அடுத்தவன் பக்கம் கை போகக் கூடாது. சாப்பிடச் சாப்பிட எல்லாப் பக்கமும் சோறு உள்வாங்கும்.

அன்று மூன்று பக்கம் உள்வாங்கியது. வழிகாட்டியின் பக்கமும் உள்வாங்கியது. பரீத்துக்கு முன்னால் மட்டும் சோறு போட்டபடியே கிடந்தது. ஓரத்தில் விரலால் கிண்டிய அடையாளம். கருவாட்டுத் துண்டு தொடாமலே இருந்தது.

பரீத் கருவாட்டை விடுவதா? பெருநாள் அன்று புரியாணி இருக்கும்போதே கருவாடு கேட்கிறவன் அவன்.

“என்னடா, தின்னல்ல?”

“வழியில பிஸ்கட் திண்ட நான் மச்சான்.”

“தலையிடிக்கா?”

“சேச்சே. அதெல்லாம் இல்ல.”

அவனுடைய அக்கா வாசலில் நின்று சொன்னது காதில் கேட்டது. ஏலாட்டியும் ஏலும் எண்டுதான் சொல்லுவான்.

நான் வழிகாட்டியைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே பரீத்தின் சோற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு நேர் கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். குதிக்காலும் விரலும் முட்ட முட்ட” என்றார். தரையில் பலகை வரிசையாகப் போட்டிருந்தது.

“எழும்பு. இந்தப் பலகையில நட. வரப்புல நடக்கிற மாதிரி.”

“விசர்க் கதை கதைக்காத மச்சான்.”

“நட எண்டன்.”

எழும்பினான். ஓர் அடி வைத்தான். இரண்டாவது அடியில் கால் பலகையை விட்டு வெளியே போனது. திரும்ப வைத்தான். இந்த முறை சுவரைப் பிடித்துக்கொண்டான். வழுக்குகிற வரப்பில், இருட்டுக்குள், தோளில் மூட்டையோடு நடக்கிற மனிதனுக்குக் காய்ந்த பலகையில் நடக்க முடியவில்லை. எங்கள் சிரிப்பெல்லாம் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. உயரத்தில் தலையிடித்து, சாப்பாடு வெறுத்து, நடையும் தடுமாறினால் மூளை பாதிக்கப்படத் தொடங்கியிருக்கலாம், விட்டால் உயிருக்கே ஆபத்து என்று வழிகாட்டி சுருக்கமாகச் சொன்னார். மருந்து ஒன்றுதான் முக்கியம்: இறங்குவது. இப்போதே.

“ஏன்டா மறைச்ச?”

சுவரைப் பிடித்தபடியே சொன்னான்: “காலையில இருந்தே இடிக்கிது மச்சான். சொன்னா எல்லாரும் திரும்பணும். என்னாலதானே இவ்வளவு கெதியா வந்த... என்ட வாயால எப்பிடிச் சொல்ற?”

நவ்பர் ஒரு நிமிஷம் முகிலைப் பார்த்தான். அவன் கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அந்தப் போட்டோவைப் பற்றி முன்கூட்டியே சொல்லியிருந்தான், கடைச் சுவரில் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தான். பிறகு சஹனைக் கழுவப் போனான். ரவி சேர் பரீத்தின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார். ஐந்து பேரும் இறங்கினோம்.

ஒரு பக்கம் வழிகாட்டி, மறுபக்கம் நான். மாப்பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப் போவது போலப் பரீத்தைக் கொண்டுபோனோம். வழி முழுக்க நான் ஸலவாத்து ஓதினேன். பின்னால் வந்த ரவி சேர் முருகனைக் கூப்பிட்டார். இரண்டு பக்கத்தாலும் விண்ணப்பம் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வளைவில் நவ்பரின் முதுகிலிருந்த சஹன் கழன்று, கல்லில் மோதி, பெரிய சத்தத்தோடு உருண்டது. “அதுக்கு இறங்கப் பயிற்சி தேவல்ல” என்றான் பரீத். அவனுக்கு நக்கல் திரும்பி வந்ததைக் கேட்டு எனக்கு அழுகை வரப் பார்த்தது.

மஃரிப் நேரம், பொழுது பட்டு இருட்டத் தொடங்கியபோது, நாங்கள் தங்காமல் தாண்டிப் போன அதே கிராமத்துக்கு வந்தோம். விடிந்ததும் இன்னும் கீழே. பின்னேரம் மரங்களுக்குள் வந்தபோது பரீத் யாரையும் பிடிக்காமல் நடந்தான்.

லாமா ஹோட்டலில் அதே விடுதிக்காரர். எங்களைக் கண்டதும் அவசரமாக ஜன்னல்களைத் திறந்தார். நவ்பர் கருவாட்டின் கடைசிப் பகுதியைப் பொரித்தான். சஹன் நெளிந்திருந்ததால் குழம்பெல்லாம் ரவி சேர் பக்கமே ஓடியது.

சோற்றில் கை வைக்கும்போதுதான் பரீத்தின் போனுக்கு சிக்னல் வந்தது. வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அனுப்பிய வொய்ஸ் மெசேஜ். சத்தமாகப் போட்டான்: “போடியார், தண்ணி திறக்கிறத ஒரு கிழமை தள்ளிப் போட்டுட்டாங்க. நீங்க ஆறுதலா வாங்க.”

ஐந்து பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வழிகாட்டிக்கு மொழி விளங்கவில்லை. ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்து அவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

முதலில் சிரித்தது ரவி சேர். பரீத் சிரிக்கவில்லை. குனிந்து சாப்பிடத் தொடங்கினான். அவனுக்கு முன்னாலிருந்த சோறு சரிந்தது, கரைந்தது, தட்டின் அடி தெரிந்தது. பிறகு அவன் கை மெல்ல எல்லையைத் தாண்டி என் பக்கம் வந்து, நான் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கருவாட்டுத் துண்டை எடுத்தது.

வேறொரு நாளென்றால் கையில் ஒன்று போட்டிருப்பேன். அன்று அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவனுடைய அக்காவுக்கு முழுசாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அக்கரைப்பற்றுத் தம்பிக்கு இதையெல்லாம் போனில் சொல்லி முடிக்க, என் சோறு ஆறிவிட்டது.

“அப்ப ஒரு கிழமைக்கு என்ன செய்யிற சேர்?” என்று கேட்டார்.

குன்று ஏறுங்கள் என்றேன். உங்கள் லீவுக்கும் உங்கள் காலுக்கும் தோதான மலையைத் தேடுங்கள், ஃபேஸ்புக்குக்குத் தோதான மலையைத் தேடாதீர்கள். பெரிய மலைக்குத்தான் போக வேண்டுமென்றால் லீவைப் பெருப்பித்துக்கொண்டு போங்கள். நேற்றுப் படுத்த இடத்துக்கும் இன்று படுக்கும் இடத்துக்கும் உயரம் கொஞ்சமாகத்தான் கூட வேண்டும். அவசரப்படுகிறவனுக்கென்று மலை குனிந்து தராது.

எங்கே போனாலும் தனித்தனிப் பிளேட்டில் மட்டும் சாப்பிடாதீர்கள். ஒரே தட்டைச் சுற்றி இருங்கள். எவனுடைய பக்கத்தில் சோறு குறையவில்லையோ, அவன் வாய் என்ன சொன்னாலும் கேளாமல், அவனைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள்.

சஹன் இல்லையென்றால் நவ்பரிடம் இரவல் கேளுங்கள் — நெளிவு இருக்கிறது, குழம்பு வேண்டியவர் பள்ளமான பக்கமாகப் பார்த்து இருந்துகொள்ளவும்.