கூப்பிட்டால் மட்டும்

"அழையாத வீட்டுக்குள்ள நுழையாதேன்னு பெரியவங்க சொல்லிட்டுப் போயிட்டாங்க. சொன்னவங்க அதைக் கடைப்பிடிச்சாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்த ஊர்ல அதை எழுத்துப் பிசகாம நடத்திக் காட்டின ஒரே ஆள் நான்தான். கூப்பிடாம ஒருத்தர் வீட்டுப் படி ஏறினதில்ல. ஏறவும் மாட்டேன்."

லிஃப்ட் கம்பெனியின் சாப்பாட்டு அறையில், டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பிரகடனத்தைச் செய்தவர் அங்கே மூத்த மெக்கானிக். இப்படியே பேசிப் பேசி 'தத்துவம்' என்று பெயர் வாங்கியவர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

"உங்க சொந்த வீட்டுக்காவது கூப்பிடாம போவீங்களாண்ணே?" என்று கேட்டான் எலெக்ட்ரீஷியன்.

"அங்கேருந்து தினமும் போன் வருது, எப்ப வந்து தொலைவீங்கன்னு. அதுவும் அழைப்புதான்."

தத்துவம் வெறும் வாய்ச்சொல் வீரர் அல்லர். அவருடைய அண்ணன் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். அண்ணன் கூப்பிடவில்லை, தம்பி போகவில்லை. அண்ணனும் அதே கொள்கைக்காரர். ஆகவே அவர்களுடைய பாசம், பரணில் ஏற்றிவைத்த பாத்திரம்போல் ஒரு கீறல்கூட விழாமல் புத்தம் புதிதாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் கால் முறிந்து கிடந்தபோது தத்துவத்தின் மனைவி ஒரு நடை போய்ப் பார்த்து வரச் சொன்னார். "அவரு கூப்பிட்டாரா?" என்று கேட்டார் தத்துவம். "கால் உடைஞ்சவர் எப்படிங்க வந்து கூப்பிடுவாரு?" என்றார் மனைவி. போன் இருக்கிறதே என்று தத்துவம் முடித்துவிட்டார்.

மனிதப் பண்புகள் தேய்ந்துவிட்டன என்று பத்திரிகைகளில் புலம்புகிறவர்கள் இவரை ஒருமுறை சந்திக்க வேண்டும். தேயவில்லை, ஒழுங்காகிவிட்டன என்று விளக்குவார். யாரும் யாரையும் தொந்தரவு செய்யாத காலம் பிறந்துவிட்டது, அதற்கு முன்னோடி தாம் என்பது அவருடைய எண்ணம். வேலையிலும் அப்படித்தான். நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் பேசுவது இரண்டே வாக்கியம். போனதும் "கதவைத் தொடாதீங்க." மொட்டைமாடி எந்திர அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றி, பெட்டியைத் தளத்துக்குக் கொண்டுவந்து திறந்ததும் "வெளிய வாங்க." மூன்றாவது வாக்கியத்துக்குக் கம்பெனியில் தனிப் படி கிடையாது.

அவருடைய பொறுப்பில் இருந்த கட்டடங்களில் ஒன்று ஒன்பது மாடி. அதன் குடியிருப்போர் அவருடைய கொள்கைக்குக் கோயில் கட்டியவர்கள். லிஃப்டுக்குள் இரண்டு பேர் நின்றால், மாடி எண் மாறும் சிவப்பு விளக்கை அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தப் பக்தியைச் சாமி சன்னதியில்கூடப் பார்க்க முடியாது. போனில் மட்டும் ஒரு குழு வைத்திருந்தார்கள். யாருக்காவது பிறந்தநாள் வந்தால் குழுவில் கேக் படங்களாகக் கொட்டும். ஒரு துண்டும் ஒருவர் வாய்க்கும் போனதில்லை.

அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் திடீரென்று அடிக்கடி நிற்கத் தொடங்கியது. எப்போதும் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில். உள்ளே எப்போதும் அதே அம்மா. ஐந்தாம் மாடியில் தனியாக வாடகைக்கு இருப்பவர். பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்களிடம் பேசியவர், பதில் மட்டும் ஒன்றுகூடக் கேட்டதில்லை.

தத்துவம் பிரேக்கைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கதவுப் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. அம்மாவோ உள்ளிருந்தபடியே "சாப்பிட்டீங்களா தம்பி? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரிப்பார். இவர் "ம்" என்பார். 'ம்' வாக்கியக் கணக்கில் வராது.

குடியிருப்போர் சங்கத் தலைவருக்குப் பொறுமை போயிற்று. உள்ளே மாட்டிக்கொள்வது யார் என்று அவரும் எட்டிப் பார்த்ததில்லை. "எவனோ உள்ள ஸ்டாப் சுவிட்சைத் தட்டி விளையாடறான். யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. வாடகைக்கு இருக்கறவங்களா இருந்தா அந்த மாசமே காலி பண்ண வெச்சுடறேன்" என்றார்.

அடுத்த முறை அழைப்பு வந்தபோது, தத்துவம் ஐந்தாம் மாடி லிஃப்ட் கதவைச் சாவி போட்டுத் திறந்தார். பெட்டி பாதி கீழே நின்றது. மேல் இடைவெளி வழியாகக் குனிந்து பார்த்தார். அம்மா ஒரு மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்க். பக்கத்தில் தரையில், ஒரு கைக்குட்டையை விரித்து, அதன்மேல் இரண்டு டம்ளர்.

எதிர்பாராமல் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர் இரண்டு டம்ளரோடு மாட்டிக்கொள்வதில்லை. இது தத்துவத்துக்கே விளங்கியது.

"என்னம்மா இது?"

"டீ. சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்."

"லிஃப்ட் நிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே நிறுத்தினேன். நீங்க வர்ற சத்தம் கேட்டதும் சுவிட்சைப் பழையபடி தள்ளிவிட்டுடுவேன்."

கொஞ்சமும் கூச்சமில்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னார்.

"எதுக்கும்மா?"

"வேற எது ரிப்பேர் ஆனா நேர்ல ஆள் வருது, சொல்லுங்க. பேங்க்ல ஒரு சந்தேகம்னா ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குங்கறான். காய்ச்சல்னா டாக்டர் போன்லயே நாக்கை நீட்டுங்கறாரு. பார்சல் கொண்டு வர்ற பையன் வாசல்ல வெச்சுப் போட்டோ எடுத்துட்டு ஓடிடறான். பார்சலைத்தான் எடுக்கறான், என்னை இல்ல. நானும் எல்லாத்தையும் யோசிச்சுப் பார்த்தேன் தம்பி. லிஃப்ட் ஒண்ணுதான் நின்னா மனுஷன் வர்றான்."

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்குள் பதிவு செய்த குரல் தேனாக ஒலித்தது: "தயவுசெய்து அமைதியாக இருங்கள். நாங்கள் உங்களோடு இருக்கிறோம்."

"இவளும் என் ஜாதிதான்" என்றார் அம்மா. "பேசுவா, கேக்க மாட்டா. டீ ஆறுது."

தத்துவம் முழங்காலில் அமர்ந்தபடியே டீயை வாங்கிக் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இனிமே இதைத் தொடாதீங்கம்மா. தலைவர் கண்டுபிடிச்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு. நிஜமாத்தான் சொல்றேன்."

"தொடலை. ஆனா அப்புறம் யாரு வருவா?"

தத்துவம் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். மேலே போய்ச் சக்கரத்தைச் சுற்றிப் பெட்டியை ஏற்றினார். இறங்கி வந்து கதவைத் திறந்தவர், வெளியே வாங்க என்று சொல்ல மறந்துபோனார். அம்மாவே ஸ்டூலை மடக்கிக்கொண்டு வெளியே வந்து, தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கீழே தலைவர் காத்திருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர், ஆளுக்கொரு போனை நீட்டிப் படம் பிடித்தபடி.

"கண்டுபிடிச்சீங்களா? யாரு?"

தத்துவம் கருவிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். அந்த ஐந்தாம் மாடி வீட்டுக் கதவு இப்போதுதான் கண்ணெதிரே மூடியது. ஒரு பெயரைச் சொன்னால் இன்றைக்கே அது பூட்டிய வீடாகும். கம்பெனிக்கும் அவருக்கும் நல்ல பெயர் வேறு.

"யாரும் இல்ல சார். என் தப்பு. கதவுப் பூட்டுல ஒரு திருகை நான் சரியா முடுக்காம விட்டுட்டேன். இப்ப முடுக்கியாச்சு, இனிமே நிக்காது."

இத்தனை வாக்கியங்கள் அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்ததை வரலாறு கண்டதில்லை; நல்லவேளையாக நான்கு கோணத்தில் பதிவாகியிருந்தது. வீடியோ கம்பெனிக்குப் போனது. அந்தக் கட்டடம் வேறு மெக்கானிக்குக் கைமாறியது. தத்துவத்தை ஊரின் மறுகோடிக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். சாப்பாட்டு அறையில், திருகு முடுக்கத் தெரியாதவர் தத்துவம் மட்டும் முடுக்குகிறார் என்று ஒரு வாரம் சிரித்தார்கள். அவர் தயிர்ச்சாதத்தைப் பார்த்தபடி இருந்தார்.

வந்த விடுமுறை நாளில் குளித்து, வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "எங்க கிளம்பிட்டீங்க? போன் எதுவும் வரலையே" என்றார் மனைவி.

"தெரிஞ்சவங்க வீட்டுக்கு."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்ததாகத் தெரிகிறது. பிறகு, "வெறுங்கையோடவா போவாங்க?" என்று கூடையிலிருந்து நாலு வாழைப்பழத்தைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாப் சுவிட்சின்மேல் கண்ணாடி மூடி போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஐந்தாம் மாடியில் இறங்கி மணியை அழுத்தினார். உள்ளே யாரோ நடந்து வந்து நின்றார்கள். கதவு, சங்கிலி விட்ட அளவுக்குத் திறந்தது.

"நான் எதையும் தொடலை தம்பி. லிஃப்ட் ஓடுதே."

"ஓடுது. அதுலதான் வந்தேன்."

"உங்களை வேற இடத்துக்கு மாத்திட்டாங்கன்னு புதுசா வந்தவர் சொன்னாரு."

"ஆமாம்மா."

"அப்ப இங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல."

அம்மா சங்கிலியில் கையை வைத்தபடி நின்றார். "யாரு கூப்பிட்டா?"

தத்துவம் பழப்பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"யாரும் கூப்பிடலம்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிச் சுவரோரமாகத் தள்ளி வைத்தார்.