'சும்மா' என்றால் அடி

அந்தத் தெருவில் டிங்கர் என்றால் அவன்தான். நசுங்கிய கார்க் கதவைத் தட்டித் தட்டியே புதுசாக்கிவிடுவான். அவன் நொறுக்கியதும் கொஞ்சமா நஞ்சமா? போதை ஊசிப் பழக்கம் பிடித்த காலத்தில் டிவி, அலமாரி, கடைசியில் அக்காவின் மணிக்கட்டு. பெற்றவர்களே தலைமுழுகிவிட்டார்கள். அக்கா விடவில்லை. சிகிச்சைக்கு இழுத்துப் போனதும் அவள்தான், திரும்பியவனுக்குத் தன் பட்டறையிலேயே வேலை கொடுத்ததும் அவள்தான். அவன் ஒடுக்கெடுப்பான், அவள் பெயின்ட் அடிப்பாள்.

வந்த அன்றே சொல்லிவிட்டான்.

"அக்கா, ஒவ்வொரு தடவையும் 'சும்மா நடந்துட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தான் போய் விழுந்தேன். இனிமே என் வாயில 'சும்மா' வந்தா அடிச்சுடு. கெஞ்சினாலும் விடாதே."

"நான் அடிச்சா தாங்கமாட்டேடா" என்று சிரித்தாள்.

அதோடு பட்டறையில் அந்த வார்த்தைக்கே தடை. யாராவது "சும்மா ஒரு கீறல்தான்" என்று வண்டியை நிறுத்தினால்கூட இரண்டு பேரும் முறைப்பார்கள்.

ஒரு மத்தியானம் பழைய போதைக் கூட்டாளி 'பூனை' வந்தான். நாசமாய்ப் போகிறவன், நலம் விசாரிக்கிற சாக்கில் டிங்கரின் சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தைச் செருகிவிட்டு நழுவினான். டிங்கர் அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. அடுத்து அவன் சுத்தியலால் அடித்த அடியில் கார்த் தகடே கிழிந்தது.

"அக்கா, சும்மா கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

அவள் ஷட்டரை இறக்கினாள்.

"வழிய விடுடி!" என்று தள்ளினான். பம்பரில் விழுந்து அவளுக்கு உதடு கிழிந்தது. எழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். உதைத்தான். முடியைப் பிடித்து இழுத்தான். சுத்தியலையும் ஓங்கிவிட்டான், பாவி. அவள் கைக்கு இரும்புக் கம்பி அகப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். அவன் முன்னங்கை எலும்பு முறிந்தது இரண்டு பேருக்கும் கேட்டது.

அவன் பையிலிருந்த பொட்டலத்தை உருவி, பெயின்ட் கரைக்கிற தின்னர் டப்பாவில் போட்டாள். அவன் தரையில் உருண்டபடி அவளைத் திட்டாத திட்டில்லை.

"திட்டுடா! நான் செத்தாலும் உன்னை அங்க விடமாட்டேன்!" என்று கத்திக்கொண்டே அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கையையும் அவள் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"நான் இவளை அடிச்சேன், இவ என்னை அடிச்சா. என்னை அடிக்கச் சொன்னது நான்தான்" என்றான் டிங்கர்.

டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எலும்பைச் சேர்க்க வேண்டும் என்று ஊசியில் மருந்தை ஏற்றினார்.

"பயப்படாதீங்க. சும்மா ஒரு ஊசி, வலியே தெரியாது."

அக்கா கட்டில் கம்பியை இறுகப் பிடித்தாள். டிங்கருக்கு ஊசியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வேண்டும் வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கேட்டது.

"வேணாம் டாக்டர். நான் இதுக்கு அடிமையா இருந்தவன். போதை இல்லாத மருந்தா போடுங்க. வலிச்சா வலிக்கட்டும்."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேறு மருந்து எடுத்தார். எலும்பைத் திருப்பியபோது டிங்கர் போட்ட அலறலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. முன்பு தான் உடைத்த அக்காவின் மணிக்கட்டை நல்ல கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப வலிக்குதாடா?"

"வலிக்குதுக்கா" என்றான். "நல்லா வலிக்குது."