பல் டொக்டர் கேட்ட எச்சில்

ஒன்பது வயதில் என் கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாகத் தொடங்கின. உம்மா பழியை வாப்பாவின் கடையிலிருந்த டொபிப் போத்தல்மேல் போட்டார். வாப்பா அதைத் தூக்கி மேல்தட்டில் வைத்தார். அப்படியும் அடுத்த பல் வலித்தது. எனக்கு மூத்தவள், என்னைவிட அதிகமாக டொபி தின்ற ராத்தாவின் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. அந்த அநியாயத்தை யாரிடம் முறையிடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் உம்மா என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் புத்தளத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த பல் டொக்டர் ஒரு பெண். என் வாயைப் பார்த்துவிட்டு, ஒரு மெழுகுத் துண்டைத் தந்து மென்றுகொண்டிருக்கச் சொன்னார். பிறகு சின்னக் கோப்பையொன்றை நீட்டினார்.

"வாயில ஊறுறதெல்லாம் இதுல துப்புங்க மகள்."

வீட்டில் கண்ட இடத்தில் துப்பினால் அடி விழும். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா கூரையைப் பார்த்தார். எவ்வளவு மென்றும் கோப்பையின் அடிதான் நனைந்தது, அதுவும் பசைபோல. டொக்டர் அதில் ஒரு தாள்துண்டைத் தோய்த்தார். தாள் சிவந்தது.

"பல்லக் காப்பாத்துறதே எச்சில்தான். இவக்கு அது காணாது, கொஞ்சமாத்தான் ஊறுது. தாள் சிவந்தா அதுல புளிப்பும் கூட. இப்பிடியே விட்டா மத்தப் பல்லும் பழுதாகும்" என்று உம்மாவிடம் சொன்னவர், என் பக்கம் திரும்பினார். "ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஓம்" என்றேன். அவர் மறுபடியும் கோப்பையைப் பார்த்தார். எச்சிலைப் பார்த்தே எல்லாம் கண்டுபிடிப்பவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

"இல்ல. குடிச்சா கக்கூஸ் போகணும். போத்தல்ல உள்ள தண்ணிய வீட்ட வர்ற வழியில ஊத்திருவன்."

உம்மா ஏசப்போகிறார் என்று கண்களை இறுக்கிக்கொண்டேன். அவரோ மெதுவாகத்தான் கேட்டார்: "அந்தக் கக்கூஸ் கதவு இன்னமும் பூட்டுப்படுறல்லையா மகள்?"

இல்லையென்று தலையாட்டினேன்.

மறுநாளே உம்மா பக்கத்து வீட்டுத் தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூட அதிபரைப் பார்க்கப் போனார். பிறகு தச்சர் வந்தார். புதுக் கதவும் உள்ளே தாழ்ப்பாளும் வந்தன. நான் தண்ணீர் குடிக்கத் தொடங்கினேன். அடுத்தமுறை துப்பியபோது கோப்பை பாதிக்குமேல் நிறைந்தது, தாளும் சிவக்கவில்லை. டொக்டர் பழைய சொத்தைகளை அடைத்துவிட்டார். புதிதாக ஒன்றும் வரவில்லை.

என் எச்சிலே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். உம்மாவும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தார். அவர் 'இன்னமும்' என்று சொன்னது அன்றைக்கு என் காதில் விழுந்ததே தவிர, விளங்கவில்லை.