நூறு கேள்விக்கும் பென்சிலில் விடை

பிள்ளைகளே, உங்கள் இருவரிடமும் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். தேர்வு மையத்தில் என் கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோனது என்று சொன்னேன் அல்லவா? அது நிற்கவில்லை. இரண்டரை மணி நேரமும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. என்னைவிட ஒழுங்காக ஓடியது.

மூத்தவளே, நீ எனக்காக இங்கிலீஷில் ஒரு புகார்க் கடிதம் தயார் செய்து, "ஒரு சைன் போட்டா மதி அப்பா, பாக்கியெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று என் முன்னால் வைத்தாய். ஒரு கையெழுத்து போதுமாம். நல்ல கடிதம். ஒரு பிழை இல்லை. சொல்லியிருக்கும் விஷயம்தான் மொத்தமும் பொய். அதில் கையெழுத்துப் போட முடியாததால் இதை எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதினால் வேகமாக வாசித்துவிடுவீர்கள் என்று தெரியும். எனக்குக் கணக்கும் கோபமும் தமிழில்தான் வரும். மெதுவாகவே வாசியுங்கள்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பாத்திரக்கடை, சிப்ஸ் கடை, கயிற்றுக்கடை என்று அறுபது சின்னக் கடைகள். அரிசிச் சாக்கில் பில்லைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். சிலதில் எண்ணெய் ஊறியிருக்கும், சிலதை எலி கடித்திருக்கும். அதையெல்லாம் பிரித்து, அடுக்கி, வரிக் கணக்கு தயாரிப்பது நான். அடியில் கையெழுத்துப் போடுவது ஆடிட்டர் சார். ஸ்ரீவராகத்துக்காரர். போனில் மருமகனுடன் பேசிக்கொண்டே போடுவார். எந்தக் கடை என்றுகூடப் பார்க்க மாட்டார். அவர் பார்க்காத இடத்தில் நான் நாலு தடவை பார்த்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

போன ஓணம் கழிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கண் சரியில்லை, பெங்களூரில் மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்றார். "சின்னக் கடைக்காராளுக்கு ரிட்டர்ன் போட ஆடிட்டர் வேணும்னு இல்லை ஓய். உரிமத் தேர்வு ஒண்ணு இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ளே நீர் அதை ஜயிச்சா அறுபது கடையும் உமக்கு. இல்லேன்னா கழக்கூட்டத்துக் கம்பெனிக்குக் கொடுத்துட்டு நான் போயிண்டே இருப்பேன்."

கழக்கூட்டத்துக் கம்பெனி என்னை எடுக்காது. ஐம்பது வயது. தபாலில் படித்த பி.காம்., அதுவும் மூன்றாம் வகுப்பு. ஆகவே எனக்கு இந்தத் தேர்வு, இல்லாவிட்டால் ஏதாவது ஜவுளிக்கடை வாசலில் காவல்காரன் நாற்காலி. உங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். உங்களிடம் சொல்லவில்லை.

தேர்வு என்றதும் எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல. இளக்காரம். எழுதுகிறவனைப் பற்றி ஒன்றும் தெரியாத யாரோ, எங்கேயோ உட்கார்ந்து, அவனுக்கு மார்க் போடப்போகிறார்களாம்.

விண்ணப்பத்தைப் பாருங்கள். கிழக்கேகோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்தேன். அனுபவம் என்று ஒரு கட்டம். அதில் இரண்டு இலக்கம் மட்டும் போடலாம். 22. அவ்வளவுதான். ஒரு சாக்கு எண்ணெய் பில்லில் எது சொந்தச் செலவு, எது கடைச் செலவு என்று மோந்து பார்த்தே சொல்கிறவனுக்கும், இருபத்திரண்டு வருடம் மின்விசிறிக்கு அடியில் தூங்கினவனுக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே விலை. அடுத்து கையெழுத்து. வெள்ளைத் தாளில் போட்டுக் கொடுத்தேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று மூன்று தடவை திருப்பிவிட்டது. சென்டர்ப் பெண், "சேட்டா, கொஞ்சம் சின்னதா ஒப்பிடாமோ?" என்று கேட்டாள். யாரும் கேட்காத கையெழுத்தை இத்தனை வருடம் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நீளமாகப் போட்டுப் பழகி வைத்திருக்கிறேன். முதல்முதலாக ஒருவர் கேட்கிறார், அதையும் குறுக்கச் சொல்கிறார்.

பிறகு பயிற்சி வகுப்பு. தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேல்மாடி. வாத்தியார் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். வாழ்க்கையில் ஒரு கடைக்காரனிடம் ஒரு பில்லைக் கேட்டு வாங்கியிருக்க மாட்டார் என்பது சட்டை மடிப்பிலேயே தெரிந்தது. விடை தெரிய வேண்டும் என்பதில்லை, கொடுத்திருக்கிற நாலு விடையில் இரண்டை வெட்டத் தெரிந்தால் போதும் என்றார். எல்லாரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வெட்டுவதாம். நான் என்ன கசாப்புக்கடைக்கா படிக்க வந்தேன் என்று நினைத்துக்கொண்டு அன்றோடு நின்றுவிட்டேன். சட்டப் புத்தகத்தை நானே வாங்கிப் படித்தேன். நீங்கள் பார்த்தீர்கள். அதில் பொய் இல்லை. ஒரு பக்கம் விடாமல் படித்தேன்.

அப்போதுதான், மகளே, நீ உன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "அப்பா, மாக் டெஸ்ட்னு ஒண்ணு உண்டு. ஃப்ரீயாணு. அசல் பரீட்சை மாதிரியே இருக்கும். ஒரு தடவை செஞ்சு பாருங்கப்பா."

நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "இருபத்திரண்டு வருஷம் கணக்கு எழுதினவனுக்குப் பொம்மைப் பரீட்சையாடீ? போய் உன் பாடத்தைப் படி."

தம்பி சிரித்தான். நீ லேப்டாப்பை மூடிக்கொண்டு போனாய். அன்று அரை மணி நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருந்திருக்காது.

தேர்வு நாள். வாசலில் கூட்டம். ஆளாளுக்குப் பைண்டு போட்ட ஜெராக்ஸ் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறக்கும்வரை மனப்பாடம் செய்கிற இந்தக் கூட்டத்துக்கு நடுவில் நான் வெறுங்கையோடு நிமிர்ந்து நின்றேன். உள்ளே காவல்காரர் ஒரு கறுப்புக் கட்டையால் உடம்பெல்லாம் தடவினார். அது என் இடுப்பில் வந்ததும் கத்தியது. "எந்தா சேட்டா, அரையில்?" என்று கேட்டார். வெள்ளி அரைஞாண். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. உரிமத்துக்கு வந்தவனை அரைஞாணில் நிறுத்துகிற தேர்வு என்று அதற்கும் ஒரு திட்டு திட்டிக்கொண்டேன்.

உட்கார்ந்ததும் இரண்டு வெள்ளைத் தாளும் ஒரு பென்சிலும் கொடுத்தார்கள். அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் அலுவலகத்தில் வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. எதையும் முதலில் பென்சிலில் நகல் எழுத வேண்டும். கடைசி வரி வரைக்கும் போய், கூட்டி, இரண்டு பக்கமும் ஒத்துவந்த பிறகுதான் மை. ஒரு வரி சந்தேகம் என்றாலும் மையைத் தொடக்கூடாது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் ஏற்றுகிறோம், ஆனாலும் நான் பென்சில் நகல் இல்லாமல் ஒரு எண்ணைக்கூட ஏற்றினதில்லை. பென்சிலையும் வெள்ளைத் தாளையும் ஒருவர் என் கையில் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நூறு கேள்வி. தாளை மடித்து நாலு பத்தி ஆக்கினேன். ஒன்று, இரண்டு என்று இடப்பக்கம் எண் போட்டேன். கேள்வியைப் படித்து, விடையைத் தாளில் எழுதி, திரையில் எதையும் தொடாமல் அடுத்த கேள்விக்குப் போனேன். விடைக்கு அ, ஆ என்று குறி போடவில்லை. விடையையே எழுதினேன். கணக்கில் தொகையைத்தான் எழுதுவோம், குறியை எழுத மாட்டோம். திரையின் ஓரத்தில் நூறு சின்னக் கட்டங்கள். விடை கொடுத்தது பச்சையாகும், கொடுக்காதது சிவப்பு. என் திரை மிளகாய் காயப்போட்ட மாதிரி இருந்தது. எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. மை போடாத வரவுசெலவு அப்படித்தான் இருக்கும்.

பக்கத்துப் பெண் டக் டக் என்று அமுக்கிக்கொண்டே போனாள். கேள்வியைப் படிக்கவே இல்லை, குருட்டாம்போக்கில் குத்துகிறாள் என்று நினைத்தேன். பாவம், அப்பன் பணம் தண்டம் என்றும் நினைத்தேன். அவள் அரை மணி நேரம் பாக்கி இருக்கும்போதே எழுந்து போனாள். அவள் போன அழகைப் பார்த்து நான் மனசுக்குள் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு நகல் முடிந்தபோது இருபத்தாறு நிமிடம் இருந்தது. சந்தேகமான எட்டு இடத்தை மறுபடி பார்த்துத் திருத்தினேன். பிறகு, சொல்லவே கூசுகிறது, ஹால் டிக்கெட்டின் ஓரத்தை வைத்து நூறாவது விடைக்குக் கீழே, கணக்கு முடிந்தது என்று போடுகிற இரட்டைக் கோட்டைப் போட்டேன். நேராக வந்தது. இருபத்தோரு நிமிடம் இருந்தது.

அப்புறம் மை போட ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான் எழுதிய விடை திரையில் நாலில் எது என்று கண்டுபிடிக்கக் கேள்வியைத் திரும்பவும் படிக்க வேண்டும். அமுக்க வேண்டும், சேமி என்று இன்னொன்றை அமுக்க வேண்டும், அடுத்தது வர வேண்டும். முப்பதாவது கேள்வியில் கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. அந்த வாத்தியார் சொன்னதுபோல மிச்சத்தைக் கண்ணை மூடிக் குத்தியிருக்கலாம், தவறுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். என்னால் முடியவில்லை. சரியான விடை தாளில் இருக்கும்போது தெரிந்தே தப்பை ஏற்ற இந்தக் கைக்கு வராது. நாற்பத்தோராவதை அமுக்கினேன். திரை வெளுத்தது. நன்றி என்று எழுதியிருந்தது.

கண்காணிப்பாளர் வந்து, "டைம் கழிஞ்ஞு சேட்டா" என்று சொல்லி என் இரண்டு தாளையும் கேட்டார். ஒரு நிமிடம் இதைப் பாருங்கள், எல்லா விடையும் இருக்கிறது என்றேன். அவர் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார். நல்ல கையெழுத்து என்றார். பிறகு மற்றவர்களின் கிறுக்கல் தாள்களோடு சேர்த்து ஒரு அட்டைப்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று வாயில் வந்தது. நீங்கள் இருவரும் கொதித்தீர்கள். உங்கள் கோபம் எனக்கு இதமாக இருந்தது. அதனால் திருத்தவில்லை.

முந்தாநாள் முடிவு வந்தது. விடை கொடுத்தது நாற்பத்தொன்று, சரி முப்பத்தெட்டு, தேர்ச்சிக்கு ஐம்பது. கேள்வி வாரியாக அச்செடுத்து ஆடிட்டர் சாரிடம் கொடுத்தேன். அவரிடமும் மிஷின் கதையைத்தான் சொல்லியிருந்தேன். தாளைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் என் தாள் ஒன்றை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"முதல் நாப்பத்தொண்ணும் வரிசையா இருக்கு. அதுல மூணுதான் தப்பு. அப்புறம் ஒண்ணுமே இல்லை. மிஷின் நின்னா வேறே மிஷின்லே உட்கார வெச்சிருப்பா." கண்ணாடியைக் கழற்றினார். "ஓய், நீர் பென்சில்லே நகல் எடுத்தீர், அல்லே?"

அவர் சிரிக்க ஆரம்பித்து, இருமலில் போய் நின்றார்.

"சொன்ன வருஷம் இன்னும் முடியலை. அதுக்குள்ளே அடுத்த பரீட்சை வரும், எழுதும். அதுக்கு மேலே நான் காத்துண்டிருக்க முடியாது. உம்ம பென்சிலை மட்டும் எங்கேயாவது ஒளிச்சு வையும்."

அன்று சாயங்காலம்தான், மகளே, நீ கடிதத்தை என் முன்னால் வைத்தாய்.

இப்போதும் சொல்கிறேன், உருப்படாத தேர்வு அது. எலி கடித்த பில்லைப் பற்றி அதில் ஒரு கேள்வி இல்லை. அந்த வாத்தியார் பேரில் எனக்கு இன்னமும் மரியாதை வரவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. அந்தப் பெண்ணும் கேள்வியைப் படித்துத்தான் அமுக்கியிருக்கிறாள்.

நேற்று மத்தியானம் சார் சாப்பிடப் போனார். அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து, அடுத்த அறைக்குப் போய், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகினேன். திரும்பி வந்து, கம்ப்யூட்டரில் நீ சொன்ன அந்தப் பொம்மைப் பரீட்சையைத் திறந்தேன். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அந்தக் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, மற்றக் கையால் முதல் கேள்விக்கு விடையை அமுக்கினேன். கட்டம் பச்சையானது.