கடலை வடையும் பித்தளைக் கோதும்

என் சின்ன மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இரண்டு இலையுதிர்காலம் எல்க் வேட்டைக்குப் போனார். இரண்டு முறையும் அவர் கையில் இருந்தது கோப்பிக் குடுவை. வேட்டைப் பரீட்சை பாஸ், துப்பாக்கிக்கு அனுமதி, தலையில் செம்மஞ்சள் தொப்பி, ஒன்றிலும் குறைவில்லை. ஆனால் அந்தப் பெரிய காட்டு மான் வரும் வழியில் ஒவ்வொரு வேட்டைக்காரருக்கும் காத்திருக்க ஓர் இடம் கொடுப்பார்கள். போஸ்ட் என்று சொல்வார்கள். அது மட்டும் மாமாவுக்குக் கிடைக்கவில்லை. போஸ்ட் போஸ்டாக ஏறி இறங்கி மற்றவர்களுக்குக் கோப்பி ஊற்றிவிட்டு, ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து தன்னை வேட்டைக்காரன் என்று சொல்லிக்கொண்டார்.

மாமாவோடு பஸ் ஓட்டிய ஒரு நோர்வேக்காரர்தான் குழுத் தலைவர். அந்தக் குழுவில் கடைத் தோட்டா வாங்குவது மானக்கேடு. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோதையே மருந்தும் குண்டும் அடைத்துத் திரும்பவும் பாவிப்பார்கள். சுட்டதும் பித்தளைக் கோது கொஞ்சம் வீங்கிவிடும். உருக்கு அச்சுக்குள் நெருக்கித் தள்ளி அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மூன்றாவது வருடம் தலைவர் ஒரு பை நிறையக் கோதும், அந்த அச்சுப் பொருத்திய, நீளக் கைபிடி வைத்த பிரெஸ் ஒன்றும், அளவு பார்க்க ஓர் இரும்புக் குழலும் கொடுத்துவிட்டார். ஞாயிறு பின்னேரம் கோதுகள் குழலுக்குள் வழுக்கி இறங்கினால் போஸ்ட். இறங்காவிட்டால் பழையபடி கோப்பிதான்.

மருந்தும் குண்டும் தலைவரின் இரும்பு அலுமாரியில் இருந்தன. எங்கள் வீட்டுக்கு வந்தது வெறும் பித்தளை. அப்படியிருந்தும் அம்மா ஏசினார். "உனக்கு வேற இடம் கிடைக்கேல்லையே? என்ர சாப்பாட்டு மேசைதானோ கிடைச்சது?"

"ஒரு நாளைக்குத்தானே அக்கா" என்றபடி மாமா பிரெஸ்ஸை மேசை விளிம்பில் பூட்டினார். கைபிடியை அமர்த்தினார். கோது அசையவில்லை, மேசைதான் குதிரைபோல் பின்னங்காலைத் தூக்கியது. அரிசி மூட்டையைத் தூக்கி மறுமுனையில் வைத்தார். போதவில்லை. என்னையும் தம்பியையும் அதன் மேல் இருத்தினார். நாங்கள் இறங்கி ஓடாமலிருக்க ஆளுக்கொரு கடலை வடையும் லஞ்சமாகத் தரப்பட்டது.

அதற்கு முதல் நாளே மாமா ஒரு பெரிய வேலை பார்த்திருந்தார். குத்துவிளக்கு மினுக்குவதுபோல் புளியும் உப்பும் போட்டுக் கோது முழுவதையும் தேய்த்துக் கழுவி, துளி ஈரமில்லாமல் காயவைத்திருந்தார். பொன்னாக மின்னின. அச்சில் விடமுதல் கிறீஸ் பூச வேண்டும் என்று தலைவர் சொல்லித்தான் விட்டாராம். இவ்வளவு மினுக்கிய சாமானில் யாராவது கிறீஸ் பூசுவார்களா என்று மாமா கடையில் கிறீஸ் வாங்கவேயில்லை.

முதல் கோது பாதிவழியில் இறுகிக்கொண்டது. மாமா கைபிடியில் தொங்கினார். மேசை கிறீச்சிட்டது, தம்பி "ஐயோ" என்று கத்தினான். ஒருவாறு வெளியே வந்த கோதில் பூனை பிறாண்டியதுபோல் கீறல்கள். ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோவில் கிறீஸ் விற்கும் கடை ஏது?

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இடியப்ப உரலுக்கே எண்ணெய் தடவாமல் மா போடமாட்டம். நீ என்னடாவெண்டால்..."

மாமா நல்லெண்ணெய்ப் போத்தலைத் தூக்கினார். பிறகென்ன, கோதுகளுக்கு எண்ணெய் முழுக்கு! இப்போது வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. வெளியே வந்தபோது கோது குறுகும் தோள்பகுதியில் குழந்தையின் கன்னக்குழிபோல் ஒரு பள்ளம். அடுத்ததிலும் அதே பள்ளம். மிஞ்சிய எண்ணெய்க்குப் போக இடமில்லாமல் பித்தளையை அமுக்கியிருக்கிறது.

"தலைக்கு வைக்கிற மாதிரியே வைக்கிறது?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மாமா கதிரையில் இருந்துவிட்டார். "விடக்கா. எனக்குக் கோப்பிதான் எழுதியிருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்தது. வடை தின்ற கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டு, அரிசி மூட்டையில் இருந்தபடியே எட்டி, எண்ணெய் படாத கோதொன்றை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்து, "இன்னும் ஒண்டு, மாமா" என்று நீட்டினேன்.

எனக்காகத்தான் வாங்கினார். கைபிடி மெத்தென்று இறங்கி, மெத்தென்று ஏறியது. கீறலில்லை, பள்ளமில்லை. குழலுக்குள் விட்டார். 'ணங்' என்று போய் இருந்தது.

மாமா கோதைப் பார்த்தார், வடை எண்ணெய் மினுங்கிய என் கையைப் பார்த்தார். "அக்கா! வடை! வடையைக் கொண்டு வாங்கோ!"

அப்புறம் எங்கள் வீடு தொழிற்சாலைதான். தம்பியும் நானும் வடையைத் தின்பதும் கோதை உருட்டுவதும், மாமா அமர்த்துவதும், அம்மா குழலில் விட்டுப் பார்ப்பதும். ஒவ்வொரு ணங்குக்கும் நாங்கள் கூவினோம். அதிகம் கூவியது அம்மா. கீழ்வீட்டுப் பாகிஸ்தானி மாமி வந்து, பிள்ளை பிறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இரண்டு வடையோடு போனார்.

பின்னேரம் மாமா என்னையும் தலைவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தலைவர் ஒவ்வொன்றாகக் குழலில் விட்டார். எல்லாம் இறங்கின. கடைசிக் கோதை மூக்கருகே பிடித்து மோந்து பார்த்து, இது என்ன கிறீஸ் என்று கேட்டார். பெருஞ்சீரக மணம்! மாமா நெஞ்சை நிமிர்த்தி, குடும்ப ரகசியம் என்றார். தலைவர் சிரித்துக்கொண்டே சுவரிலிருந்த காட்டு வரைபடத்தில் ஒரு மேட்டைத் தொட்டு, பென்சிலால் மாமாவின் பெயரை எழுதினார். எழுத்துப் பிழையோடுதான். மாமா திருத்தவில்லை.

வேட்டை முடிந்து மாமா வந்த அன்று நான் கதவடியில் காத்துநின்றேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் கொம்பு வரப்போகிறது என்று சொல்லி வைத்திருந்தேன்.

"எத்தினை சுட்டனீங்கள் மாமா?"

"ஒண்டுமில்லை. மான் வேற பக்கத்தாலை போட்டுது."

சொல்லிவிட்டு என்னைத் தூக்கிச் சுழற்றினார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் ஓடினார். "அக்கா, வேட்டைக்காரர் கையிலை வச்சுக் கதைக்கிற ரேடியோவிலை என்ர பேரைச் சொல்லுறாங்கள்! அந்த மேட்டுக்கே என்ர பேர்தான்! இனி ஒவ்வொரு வருசமும் அப்பிடித்தானாம்!" அம்மா அகப்பையைப் போட்டுவிட்டு, மாமாவின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதார், சிரித்தார், திரும்பவும் அழுதார்.

எனக்கு வந்தது ஆத்திரம். ஒரு கொம்பில்லை, ஒரு துண்டு இறைச்சியில்லை, இதற்குப் போய் இவ்வளவு கூத்தா? நாங்கள் விட்டுவந்த ஊரில் எங்கள் காணி முழுவதும் ஆமிக்காரரின் முட்கம்பிக்குள் கிடந்ததும், சொந்த வளவில் கால்வைக்க முடியாத மனிதர் ஒருவர் அன்று காலை தொடக்கம் பின்னேரம் வரை, எழும்பு என்று ஒருவரும் சொல்லாத ஒரு மேட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறார் என்பதும் அந்த வயதில் எனக்கு எங்கே விளங்கியது!