மஞ்சளில் மறைந்த பதினேழு

சித்தூர் பழைய கடைத்தெருவைப் புதுப்பிக்க வந்த மாநகராட்சி ஊழியர்கள், வெட்டக்கூடாத மரங்களில் வெள்ளை பெயிண்டால் எண் எழுதினார்கள். என் டீக்கடை வேம்புக்கு எண் பதினேழு. அதன் நிழலில்தான் என் அப்பா, நைனா, கடையைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் மரத்துக்குப் பூஜை செய்து, நெஞ்சுயரத்துக்கு மஞ்சள் பூசுவார்.

எண் எழுதிய வாரம் நானும் அப்படியே கெட்டியாகப் பூசினேன். எண் மறைந்ததைக் கவனிக்கவில்லை.

திங்களன்று ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள்.

"நம்பர் இல்லயே அண்ணா, வெட்டணும்" என்றார் மேஸ்திரி.

மாநகராட்சிக் கூட்டங்களில் வாயே திறக்காத நான், மரத்தைக் கட்டிக்கொண்டு கத்தினேன்: "மஞ்சளுக்கு அடியில கீதுப்பா!"

தண்ணீர் ஊற்றித் தேய்த்ததும் பதினேழு தெரிந்தது.

"பூஜை பண்ணியே கொன்னுருப்பியே!" என்று மேஸ்திரி சிரித்தார்.

இப்போது மாநகராட்சிக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து, எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிடுகிறேன். மஞ்சளை மட்டும், நைனா பூசிய உயரத்துக்கு ஒரு சாண் கீழேயே நிறுத்திக்கொள்கிறேன்.