நெஞ்சு வலி என்று சொன்னேன்

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. மறதியும் வந்துவிட்டது, நேற்று எழுதியதை இன்று படித்தால் யாரோ எழுதியது போல இருக்கிறது. எங்கள் ஊர் நர்ஸம்மாதான், "என்கிட்ட சொன்னத அப்படியே எழுதிக் குடுங்கம்மா, இன்னொருத்திக்கு ஆகும்" என்று கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் பேசமாட்டேன். எழுதும்போது எதிரே முகம் இல்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் மருமகள் பெயர் கௌசல்யா. அவளுக்குத் தாய் இல்லை, தகப்பனார் மட்டும். அதனால் தலைப்பிரசவம் என்றாலும் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். வைத்துக்கொண்டோம் என்று எழுதிவிட்டேன், நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மகன் கத்தாரில். அவளுக்கு மூன்று மாதமாக இருக்கும்போது லீவு முடிந்து போனவன்.

நானும் அவளும் இரண்டு பேருமே வாய் திறக்காத ரகம். "சாப்டியா?" "சாப்டேன் அத்தை." அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். அப்போது சம்பா நடவு நேரம். தெருவில் பெண்டுகள் யாரும் இல்லை, காலையிலேயே வயலுக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்குள் ஃபேன் சத்தமும் குழந்தை சத்தமும்தான்.

குழந்தை பெண். சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்த மறுநாள் நான் ஒன்றைக் கவனித்தேன். குழந்தை வாய் வைத்ததும் கௌசல்யாவின் கால் கட்டைவிரல் இரண்டும் உள்பக்கம் மடங்கின. சத்தம் ஒன்றும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள், அந்த விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அன்று துவைக்கும்போது அவள் நைட்டியின் முன்பக்கம் ஒரே உயரத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு. சோப்புப் போட்டுக் கசக்கினேன். போய்விட்டது. நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கேட்கவில்லையே தவிர, எனக்குத் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பூண்டுக் குழம்பு வைத்தேன், பால் சுறா வாங்கிப் புட்டு செய்தேன். பால் ஊறட்டும் என்று. பால் நன்றாகத்தான் ஊறியது. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தும் மடை உடைந்து கிடந்தால் வயலுக்கு என்ன பயன்? நான் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் குழந்தை கக்கிய பாலில் சிவப்பாக ஒரு இழை இருந்தது. பயந்துபோய் மெயின் ரோட்டு மெடிக்கலுக்குப் போனேன். கடையில் மூன்று ஆம்பிளைகள் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன். ஒருவர் போனால் ஒருவர் வந்தார். கடைசியில் குனிந்துகொண்டே, "வெடிப்புக்கு மருந்து குடுங்க தம்பி" என்றேன். யாருக்கு என்று கேட்டார். வீட்டில்தான் என்றேன். ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கௌசல்யாவின் கையில் கொடுத்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தை, இது காலுக்கு."

கண்ணாடி இல்லாமல் நான் பார்க்கவில்லை. அட்டையில் பெரிதாக ஒரு குதிகால் படம் போட்டிருந்தது. அவள் சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே நின்றுவிட்டது. நல்லவேளை அவள் படித்தவள், அதைத் தடவவில்லை. குழந்தை வாய் வைக்கிற இடத்தில் அதையெல்லாம் போடக் கூடாதாம்.

அதற்கு அடுத்த நாள் அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. டவுனுக்கு பஸ் ஏறி ஒரு கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குழந்தை என் மடியில். டாக்டர் சின்ன வயசுப் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். என்ன செய்கிறது என்று கேட்டார். கௌசல்யா என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நெஞ்சு வலிங்க."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்ங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூச்சு வாங்குகிறதா, படபடப்பு இருக்கிறதா என்று ஏதேதோ கேட்டார். பிரசவமான உடம்பு, விடக் கூடாது என்று சொல்லி ஈ.சி.ஜி. (இருதயத் துடிப்பைத் தாளில் கோடாகப் போட்டுக் காட்டும் சோதனை) எடுக்க அனுப்பினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் சொன்ன வார்த்தைக்கு அவர் வைத்தியம் பார்த்தார்.

எடுக்கிற பெண் போர்வையை விலக்காமல் உள்ளே கையை விட்டு, உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் குமிழ்களை ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்று பிடித்தபோது கௌசல்யா "அம்மா" என்றாள். இல்லாத அம்மாவை. ஒரு நிமிஷம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அந்தப் பெண். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

இருதயம் நன்றாக இருக்கிறது, தூக்கம் இல்லாத களைப்புதான், வாயுவாகவும் இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். பஸ்ஸில் அந்தத் தாளை விரித்துப் பார்த்தேன். மலை மலையாகக் கோடு. அவள் வலி அதில் எந்த இடத்திலும் இல்லை.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் பசுவுக்கு முன்பு ஒரு தடவை இப்படித்தான் ஆனது. கால்நடை டாக்டரைத் தெருவிலேயே நிறுத்தி, "காம்பு வெடிச்சிருக்குங்க, கன்னு வாய் வச்சா உதைக்குது" என்று அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னவள் நான். மாட்டுக்குச் சொன்ன வாய் மருமகளுக்கு வரவில்லை.

அன்று சாயந்தரம் கௌசல்யா கேட்டாள்: "அத்தை, டப்பாப் பால் வாங்கிட்டு வரீங்களா?" அவள் அதுவரை என்னிடம் பேசியதிலேயே பெரிய வாக்கியம் அது. டப்பாவின் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. போய் வாங்கி வந்தேன்.

மறுநாள் குழந்தையைப் பார்க்க என் ஓரகத்தி வந்தார். அடுத்த தெருவில் இருக்கிறார், என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. வந்ததும் கண் டப்பா மேல் போனது.

"என்னடி இது, டப்பா? இவளுக்குத் தாய்ப்பால் இல்லியா?"

"பத்தல போலருக்குக்கா."

"அதானே பாத்தேன். மாமியாருக்கு வாச்சதுதானே மருமகளுக்கும் வாய்க்கும்."

உள் அறையில் கட்டில் கிறீச்சென்றது. கௌசல்யா கேட்டுவிட்டாள்.

ஓரகத்தி சொன்னது எனக்குப் புதிதில்லை. நான் சொன்னதுதான் என்னைச் சுட்டது. "பத்தல போலருக்கு." இதே வார்த்தையை என் மாமியார் வாசலில் நின்று என்னைப் பற்றிச் சொன்னார். நாற்பது வருஷத்துக்கும் மேலே ஆகிறது.

என் மகன் பிறந்தபோது எனக்கும் வெடித்தது. இரண்டு பக்கமும். குழந்தை அழுதால் எனக்கு உடம்பு நடுங்கும், கொல்லைப் பக்கம் போய்விடுவேன். பசியில் அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு வைக்கோல் போர் ஓரத்தில் நின்றவள் நான், எழுதக் கை கூசுகிறது. என்ன வலி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எந்த வார்த்தையைச் சொல்வது? பால் பத்தவில்லை என்று மாமியார் முடிவு கட்டினார், மாட்டுப்பாலைச் சங்கில் ஊற்றினார். என் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். எங்கள் பக்கம் பால் வற்ற அப்படித்தான் கட்டுவார்கள். இல்லாத பாலை வற்ற வைக்க எதற்குப் பூ என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். பேசவில்லை. பால் இல்லாதவள் என்றால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அது எனக்கு வசதியாக இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பெயர். மகன் விளையாட்டில் யாரையாவது அடித்தால்கூட, மாட்டுப்பால் குடித்து வளர்ந்தது, முட்டத்தான் செய்யும் என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மல்லிகைப்பூ மட்டும் அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்டதில்லை.

இப்போது கௌசல்யாவுக்கு அந்தப் பெயரை நானே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவளுக்குக் காய்ச்சல். நல்லகாலம், அன்று நர்ஸம்மா வரும் முறை. வந்தார், குழந்தையைத் துணியில் போட்டு எடை பார்த்தார். எடை ஏறவில்லை என்று முகம் சுளித்தார். பால் நன்றாகக் குடிக்கிறதா என்று கேட்டார். கௌசல்யா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து, நாளைக்கும் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வண்டியில் உட்கார்ந்து ஹெல்மெட் போட்டுவிட்டார். எதிர் வயலில் டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது. நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போய்விட்டால் அடுத்த வாரம்தான் வருவார். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு முடிந்த மாதிரி.

"நர்ஸம்மா."

"சொல்லுங்கம்மா."

"அவளுக்கு முலைக்காம்பு வெடிச்சிருக்கு. ரெண்டு பக்கமும். ரத்தம் வருது."

டிராக்டர் சத்தத்துக்கு மேலே சொல்ல வேண்டியிருந்ததால் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஏம்மா, இத உள்ளயே சொல்லக் கூடாதா?"

திட்டவில்லை. உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தினார். நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கௌசல்யாவின் குரல் வந்தது. "அத்தை, நீங்களும் வாங்க."

பார்த்தேன். கோடை வயல் போல, இரண்டிலும் குறுக்கே பிளந்திருந்தது. ஒரு பக்க மார்பு கல்லாகிச் சிவந்திருந்தது.

அன்றே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பொம்பளை டாக்டர். பால் கட்டு (பால் வெளியேறாமல் தேங்கி, வெடிப்பு வழியாகக் கிருமியும் புகுந்து வீங்குவது) என்றார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சீழ் வைத்துக் கீற வேண்டி வந்திருக்கும் என்றார். ஆன்டிபயாட்டிக் (கிருமியைக் கொல்லும் மாத்திரை) கொடுத்தார். அந்தப் பக்கமும் பால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும், நிறுத்தினால்தான் இன்னும் கட்டும் என்றார். குழந்தை கக்கிய சிவப்பு தாயின் ரத்தம்தான், குழந்தைக்குக் கெடுதல் இல்லை என்றும் சொன்னார்.

நர்ஸம்மா மூன்று நாள் தொடர்ந்து வந்து சொல்லிக் கொடுத்தார். குழந்தை காம்பை மட்டும் கவ்வியதால் வந்த வினை இது. கொட்டாவி விடுவது போல அது வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை பொறுக்க வேண்டும். காம்போடு சுற்றியிருக்கிற கறுப்பு வட்டமும் வாய்க்குள் போக வேண்டும். மோவாய் மார்பில் பட வேண்டும். வலித்தால் பிடித்து இழுக்கக் கூடாது, வாய் ஓரத்தில் சுண்டுவிரலை விட்டால் பிடி விட்டுவிடும். கொடுத்து முடித்ததும் நாலு சொட்டுப் பாலையே தடவிக் காற்றில் காயவிட வேண்டும். சோப்புப் போடக் கூடாது. தாங்க முடியாத வேளையில் கையால் பீய்ச்சிப் பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுக்கலாம். டப்பாப் பாலைப் பற்றிக் கேட்டதற்கு, "வேணும்னு முடிவு பண்ணி குடுத்தா ஒரு குத்தமும் இல்லம்மா. சொல்ல வெக்கப்பட்டுக் குடுக்க வேணாம்" என்றார்.

ஒரே நாளில் சரியாகவில்லை. முதல் நாலு நாள் கால் விரல் மடங்கத்தான் செய்தது. நான் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மத்தியானம் குழந்தை குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த விரல்கள் சும்மா இருந்தன. அவள் சுவர்ப் பக்கம் திரும்பவும் இல்லை. என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் சொன்னேன். "எனக்கும் பால் இருந்துச்சு, கௌசி."

"ஏன் அத்தை யாருகிட்டயும் சொல்லல?"

"வார்த்த வரல."

மகன் தினமும் வீடியோவில் கூப்பிடுகிறான். குழந்தையைக் காட்டச் சொல்வான். ஃபோன் குழந்தை பக்கமே இருக்கும், எங்கள் இரண்டு பேர் முகமும் அதில் விழாது. எல்லாம் சரியாகிவிட்டதா அம்மா என்று கேட்டான். சரியாகிவிட்டது என்றேன். என் கதையை அவனுக்குச் சொல்லவில்லை. இந்த நோட்டைப் படித்தால் தெரிந்துகொள்வான். படிப்பானோ என்னவோ.

வருகிற மாதம் அவளையும் குழந்தையையும் அவன் அழைத்துக்கொள்கிறான். அதன் பிறகு வீட்டில் ஃபேன் சத்தம்தான். கால் மருந்து ட்யூப் அலமாரியில் கிடந்தது, என் குதிகாலுக்கே போட்டு முடித்தேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இத்தனை வருஷமும் குளிக்கும்போது நான் என் உடம்பைக் குனிந்து பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன். தொங்கிப்போன, சுருங்கிய பழைய உடம்பு. பால் இருந்த உடம்பு. சில நேரம் குழந்தை பசித்து அழும்போது, இந்த வயதில், என் மார்பு இறுகுகிறது. வைக்கோல் போர் ஓரத்தில் நின்றவள் இப்போதுதான் பிள்ளை அழும் சத்தம் கேட்டுத் திரும்பி வருவது போல இருக்கிறது.

மருந்து விவரத்தில், நாள் கணக்கில் நான் தப்பு விட்டிருப்பேன். இதை அச்சில் போடுவதாக இருந்தால், விவரம் தெரிந்த டாக்டரோ நர்ஸோ யாராவது ஒரு தடவை படித்துப் பார்த்துத் திருத்துங்கள். எழுத்துப் பிழையையும் பாருங்கள். வாசல் கேட் பக்கத்தில் நான் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் நெஞ்சு என்று மாற்றிவிடாதீர்கள்.